தங்கத் துகளின் விட்டம்தான் கம்பியின் விட்டமா?

கேள்வி, ஜூன் 3, காலை

நானோகம்பி வளர்ப்பில் துல்லியம் என்பது தங்கத் துகளின் துல்லியம்தான் என்று நினைக்கிறேன். 20 நானோமீட்டர் துகள் போட்டால் 20 நானோமீட்டர் கம்பி, அவ்வளவுதான். ஆனால் நான் சிலிக்கன் வேஃபரில் 20 நானோமீட்டர் தங்கக் கூழ்மத்தை (நீரில் மிதக்கும் தங்கத் துகள்களை) இட்டு, சிலேன் வாயுவை (சிலிக்கனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) விட்டு வளர்த்தபோது அடி பருத்து நுனி மெலிந்த கம்பிகள்தான் வந்தன. நடுநடுவே 60 நானோமீட்டரைத் தாண்டியவையும் இருக்கின்றன. கூழ்மம்தான் மோசம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில், ஜூன் 3, இரவு

கூழ்மத்தின் மேல் பழி போட வேண்டாம். இன்னும் அதற்கான ஆதாரம் உங்களிடம் இல்லை.

நீங்கள் சொல்வதில் பாதி சரி. 2001-இல் ஹார்வர்டின் லீபர் குழுவினர் 5, 10, 20, 30 நானோமீட்டர் தங்கத் துகள்களை வைத்து வளர்த்தபோது, கம்பிகளின் சராசரி விட்டம் ஏறக்குறைய 6, 12, 20, 31 என்று வந்தது. துகள் கம்பியை நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். ஆனால் அந்த முடிவு கிடைக்கும்படி அவர்கள் மற்ற எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். துகளின் அளவை வளர்ச்சி முடியும்வரை காப்பாற்றியதுதான் அங்கே நடந்த வேலை.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்வோம். கம்பியை வளர்ப்பது நீங்கள் வாங்கிய திடத் துகள் இல்லை. அது சிலிக்கனைக் கரைத்துக்கொண்டு உருகியபின் உண்டாகும் துளி. தங்கமும் சிலிக்கனும் கலந்த யூடெக்டிக் கலவை, அதாவது மிகக் குறைந்த வெப்பத்தில் உருகும் விகிதத்தில் கலந்தது, 363 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. தனித் தங்கத்துக்கு 1064 டிகிரி வேண்டும், தனிச் சிலிக்கனுக்கு 1414. அந்த யூடெக்டிக் கலவையில் நூறு அணுவுக்கு ஏறக்குறைய 19 சிலிக்கன். அவ்வளவு சிலிக்கனை விழுங்கினால் துளியின் கன அளவு கால் பங்கு கூடுகிறது, விட்டம் ஏழெட்டு சதவீதம் பெருக்கிறது. இன்னொரு பக்கம், துளி கம்பியின் தலையில் அரைக்கோளத்தைவிடச் சற்றுப் பெரிய குவிமாடமாக உட்காருகிறது. அதனால் அது கம்பியைத் தொடும் வட்டம் துளியின் அகலமான இடத்தைவிடச் சிறியது. ஒன்று கூட்டுகிறது, மற்றொன்று குறைக்கிறது. 20 போட்டு 20 வருவது இப்படிப் பல கணக்குகள் சேர்ந்து கிடைக்கும் எண்.

சரி, உங்கள் கூம்புக் கம்பிக்கு வருவோம். அடி பருப்பதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், மருந்து மட்டும் வேறு வேறு.

முதல் காரணம்: சிலேன் துளியில் மட்டும் சிதைவதில்லை. வெப்பம் போதுமான அளவு இருந்தால் கம்பியின் பக்கச்சுவரிலும் நேரடியாகச் சிதைந்து படிகிறது. அடிப்பகுதி முதலில் பிறந்தது, அதிக நேரம் வாயுவில் நின்றது, எனவே அதிகம் பருத்தது. இரண்டாவது: துளியிலிருந்து தங்கம் கசிந்து வெளியேறுகிறது. துளி சிறுக்கச் சிறுக்க அதன் கீழே வளரும் கம்பியும் மெலிகிறது.

எப்படிப் பிரித்தறிவது? நுனியில் இருக்கும் தங்கத் தொப்பியை அளந்து பாருங்கள். ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது கரும்புள்ளியாகத் தெளிவாகத் தெரியும். தொப்பி இன்னும் 20 பக்கம் இருந்து அடி மட்டும் பருத்திருந்தால் பக்கப் படிவு. தொப்பி 12, 13 என்று இளைத்திருந்தால் தங்கம் போய்விட்டது.

ஜூன் 4, காலை

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். வெப்பநிலையை எழுதவே இல்லையே நீங்கள்? 550 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் பக்கப் படிவுதான் என் முதல் சந்தேகம். சிலேனுக்கு 430 முதல் 480 வரை வைத்துப் பாருங்கள். சிலேனைச் சுமந்து வரும் ஏந்து வாயு ஆர்கானாக இருந்தால் ஹைட்ரஜனுக்கு மாற்றிப் பாருங்கள். ஹைட்ரஜன் பக்கச்சுவரில் இணையில்லாமல் தொங்கும் பிணைப்புகளை மூடி அங்கே சிலேன் ஒட்டுவதைக் குறைக்கிறது.

ஜூன் 4, மாலை

"இதெல்லாம் யார் கண்டுபிடித்தது, நானோ என்ற பேச்சே பிற்பாடுதானே" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

1964. பெல் ஆய்வகத்தில் வாக்னரும் எல்லிஸும். அப்போது அவர்கள் பார்த்தது மீசை மாதிரி நீளும் சிலிக்கன் படிகங்கள், நம் கம்பிகளைவிட மிகத் தடித்தவை. அந்தக் காலத்தில் இப்படி ஒரே திசையில் நீளும் படிகத்துக்கெல்லாம் நடுவில் ஒரு திருகுக் குறைபாடு ஓடுகிறது, அதன் படிக்கட்டில் அணுக்கள் ஏறி ஏறி வளர்கிறது என்பதுதான் ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். சிலிக்கன் மீசைகளில் அந்தத் திருகு இல்லை. ஏதாவது ஓர் அயல் உலோகம் இல்லாவிட்டால் மீசையே வளரவில்லை. வளர்ந்தவற்றின் நுனியில் ஓர் உருண்டை இருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து, ஒரு தங்கத் துணுக்கைச் சிலிக்கன் படிகத்தின் 111 எனப்படும் தளத்தின் மேல் வைத்து, 950 டிகிரியில் ஹைட்ரஜனும் சிலிக்கன் டெட்ராகுளோரைடும் விட்டார்கள். துணுக்கு துளியாகி, துளி மேலே போக, கீழே படிகம் வளர்ந்தது. வாயு, திரவம், திடம் என்ற மூன்றையும் வைத்து வி.எல்.எஸ். என்று பெயரிட்டார்கள்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் எளிமை. எதிர்பார்த்த குறைபாடு இல்லை என்றதும் விளக்கத்தைக் காப்பாற்ற முயலாமல், நுனியில் இருக்கும் உருண்டை எதற்கு என்று கேட்டார்கள்.

நானோ அளவுக்கு இது வந்தது 90-களில். ஹிட்டாச்சியில் ஹிருமா குழுவினர் கேலியம் ஆர்சனைடு, இண்டியம் ஆர்சனைடு கம்பிகளை வளர்த்தார்கள். 1998-இல் மொராலெஸும் லீபரும் லேசரால் இரும்பும் சிலிக்கனும் கலந்த இலக்கை ஆவியாக்கி, 10 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கன் கம்பிகளைக் காட்டினார்கள். 2001-இல் வூவும் யாங்கும் ஜெர்மேனியம் கம்பி பிறப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்தே பார்த்தார்கள்: திடத் தங்கம் உருகுவது, துளி பெருப்பது, அதன் ஓரத்திலிருந்து கம்பி முளைப்பது. 1964-இன் ஊகம் கண்ணெதிரே நடந்தது.

ஜூன் 5

கூழ்மம் இடும் முன் வேஃபரில் பூசும் பாலி-எல்-லைசின் எதற்கு என்ற கேள்விக்கு: சிட்ரேட் போர்த்திய தங்கத் துகளுக்கு எதிர் மின்னூட்டம். சிலிக்கனின் ஆக்சைடு படலத்துக்கும் நீரில் எதிர் மின்னூட்டமே. இரண்டும் ஒட்டாது. லைசின் பாலிமர் நேர் மின்னூட்டத்தோடு நடுவில் நின்று ஒட்டவைக்கிறது. அப்புறம் அந்தக் கரிமத்தை ஆக்சிஜன் பிளாஸ்மாவால் எரித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கார்பன் கறை மிஞ்சும்.

கம்பி வேஃபரோடு படிகத் தொடர்ச்சியாக, செங்குத்தாக நிற்க வேண்டுமானால் ஆக்சைடு படலத்தையும் நீக்க வேண்டும். அதற்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். இதில் கைபட்டால் பல நேரம் உடனே வலிக்காது, அதுதான் இதன் ஆபத்து. கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்தக் குப்பியைத் திறக்கவே கூடாது. சிலேன் காற்றில் பட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களும் சிலிண்டர் மாற்றும் நேரத்தில் அவசரப்படுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

ஜூன் 6

உங்கள் புதுப் படங்களைப் பார்த்தேன். வெப்பநிலை 520 என்கிறீர்கள். அடியின் பருமனுக்கு அது விளக்கம். ஆனால் தொப்பியின் விட்டம் 14-தான் இருக்கிறது. பக்கச்சுவரில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகளும் தெரிகின்றன. இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருக்கின்றன என்று இப்போது சொல்லலாம். அந்தப் பொடிப் புள்ளிகள் தங்கம்.

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும். ஏனென்றால் பாடப்புத்தகப் படத்தில் துளி எப்போதும் தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். 2006-இல் ஐபிஎம் ஆய்வகத்தின் ஹன்னன், கோடம்பாகா, ராஸ், ட்ராம்ப் ஆகியோர் மிகத் தூய வெற்றிடத்தில், வளரும்போதே நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்தப் படம் கலைந்தது. தங்கம் துளியிலிருந்து இறங்கி, சிலிக்கன் பக்கச்சுவரை மெல்லிய படலமாக நனைத்து, அடிவரை போய், பக்கத்துக் கம்பியில் ஏறி, அதன் துளியில் சேர்கிறது. சிறிய துளிகள் இளைக்கின்றன, பெரியவை கொழுக்கின்றன. குழாயால் இணைத்த இரண்டு சோப்புக் குமிழிகளில் சின்னது தன் காற்றைப் பெரியதுக்குள் தள்ளிவிட்டுச் சுருங்குமே, அதே பரப்பு இழுவிசைக் கணக்குதான் இங்கேயும்.

உங்கள் 60 நானோமீட்டர்க் கம்பிகளின் கதை இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தங்கம் இழந்தவை 14 ஆயின, வாங்கியவை பெருத்தன. இதோடு சில துகள்கள் வளர்ச்சிக்கு முன்பே, வேஃபர் சூடாகும்போதே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு என்று தெரிய ஒரு வெற்று ஓட்டம் விடுங்கள். அதே சூடேற்றம், அதே நேரம், சிலேன் மட்டும் இல்லாமல். குளிர்ந்ததும் எடுத்துத் துகள்களை அளந்து பாருங்கள். அங்கேயே 40, 60 தெரிந்தால் பிரச்சினை கம்பி பிறக்கும் முன்பே தொடங்கிவிட்டது.

தங்கத்தை இருந்த இடத்தில் நிறுத்தி வைப்பதற்கு என்ன வழி? சுவரை வேறு எதையாவது கொண்டு மூடி வைக்க வேண்டும். சிலேனின் அழுத்தம் அதிகமாக இருந்தால் ஹைட்ரஜனும் சிலேன் துண்டுகளும் சுவரை மூடிக்கொள்கின்றன, தங்கத்துக்கு வழி இல்லை. ஹைட்ரஜன் குளோரைடு சிறிது சேர்த்தாலும் அப்படியே. மிகச் சிறு அளவு ஆக்சிஜன்கூடத் தங்கத்தின் நடமாட்டத்தைத் தடுக்கிறது என்று அதே ஐபிஎம் குழு காட்டியது. அழுக்கு என்று நாம் விரட்டும் ஆக்சிஜன் இந்த ஓர் இடத்தில் உதவுகிறது. இதனால்தான் மிகத் தூய கருவிக்கு மாறினால் முன்பைவிட மோசமான கம்பி கிடைக்கலாம்.

என் அனுபவம் ஒன்று. நாங்கள் வளர்ச்சி முடிந்ததும் முதலில் சிலேனை மூடிவிட்டு, பிறகு உலையைக் குளிர வைப்போம். பக்கச்சுவர் முழுக்கத் தங்கப் பொடி. வளரும்போது சிதறுகிறது என்று நம்பி வளர்ச்சி நிலைகளையே மாற்றிக்கொண்டிருந்தோம். ஒருநாள் வரிசையை மாற்றி, சிலேன் ஓடும்போதே வெப்பத்தை இறக்கி, 350-க்குக் கீழே போனபின் வாயுவை மூடினோம். சுவர் சுத்தமாக வந்தது. தங்கம் தப்பியது அந்தக் குளிரும் சில நிமிடங்களில். உங்கள் ஓட்டத்தில் சிலேனை எப்போது மூடுகிறீர்கள்?

ஜூன் 7, காலை

நேற்று "சிலேன் அழுத்தத்தைக் கூட்டுங்கள்" என்ற தொனியில் முடித்திருக்கிறேன். அதற்கு எல்லை உண்டு. கூட்டினால் பக்கப் படிவும் கூடும். அதனால் அழுத்தத்தைக் கூட்டும்போதே வெப்பத்தை இறக்குங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் ஒரு நோயை மாற்றி இன்னொரு நோய் வாங்கியதாகிவிடும்.

ஜூன் 7, இரவு

"அப்படியானால் 5 நானோமீட்டர் துகள் போட்டு 5 நானோமீட்டர் கம்பி எடுக்கலாமா?" எடுக்கலாம், ஆனால் அது தனி ஆட்டம். துளி சிறுக்கும்போது அதன் வளைவு கூடி, உள்ளே கரைந்த சிலிக்கனின் வேதி ஆற்றல் ஏறுகிறது. வாயுவுக்கும் துளிக்கும் இடையே உள்ள தள்ளு விசை அந்த அளவு குறைகிறது. ஒரு குறிப்பிட்ட விட்டத்துக்குக் கீழே துளி அதிதெவிட்டிய நிலையை (கரையக்கூடியதைவிட அதிகச் சிலிக்கன் சேர்ந்த நிலையை) எட்டுவதே இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. 1975-இல் கிவார்கிசோவ் இதைத் தடித்த மீசைகளில் அளந்து எழுதினார்: மெல்லியவை மெதுவாக வளர்கின்றன.

ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேலியம் ஆர்சனைடு போன்றவற்றில் பல நேரம் மெல்லியதுதான் வேகமாக வளர்கிறது, ஏனென்றால் அங்கே அணுக்கள் பக்கச்சுவர் வழியாக ஏறி வந்து துளிக்குச் சேர்கின்றன. சுற்றளவுக்கும் பரப்புக்கும் உள்ள விகிதம் மெல்லிய கம்பிக்குச் சாதகம். கோடம்பாகா குழுவினர் சிலேனுக்கு உறவான டைசிலேன் வாயுவை வைத்து அளந்தபோது வேகம் விட்டத்தைப் பொறுத்து மாறவே இல்லை. மூன்று முடிவுகளும் சரி. எந்தப் படி மெதுவாக நடக்கிறதோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது, அது ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு வாயுவிலும் வேறு.

ஜூன் 9

ஜெர்மேனியம் வளர்ப்பவருக்கு: தங்கம்-ஜெர்மேனியம் யூடெக்டிக் 361 டிகிரி. நீங்கள் அதற்குக் கீழே வைத்திருக்கிறீர்கள், எனவே துளி திடமாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்க வேண்டும் என்பதில்லை. 2007-இல் கோடம்பாகா, டெர்சாஃப், ரூட்டர், ராஸ் நால்வரும் ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில் ஒரு கம்பியின் தலையில் திரவத் துளியும் பக்கத்துக் கம்பியின் தலையில் திடத் துகளும் இருப்பதைப் படம் பிடித்தார்கள். மேலிருந்து இறங்கி வந்த துளி, ஜெர்மேனியம் நிறையக் கரைந்திருந்தால், உறைய மனமில்லாமல் திரவமாகவே நீடிக்கிறது. ஒருமுறை உறைந்துவிட்டால் அதே வெப்பநிலையில் திரும்ப உருகாது. திடத் துகளிலிருந்தும் கம்பி வளர்கிறது, ஆனால் பத்து மடங்குக்கும் மேல் மெதுவாக.

எனவே உங்கள் ஒரே மாதிரித் துண்டில் நீளமும் குட்டையுமாகக் கம்பிகள் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் குறிப்பேட்டில் எழுதினால் போதாது, அந்த எண்ணுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஜூன் 10

"தங்கம் எதனோடும் வினைபுரியாதே, கம்பியில் கொஞ்சம் இருந்தால் என்ன?"

சிலிக்கனுக்குள் அது நல்ல பிள்ளை இல்லை. எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளியின் நடுவில் மட்டங்களை உண்டாக்கி, எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) அங்கே சந்தித்து அழிய வழி செய்கிறது. மின்னூட்டங்களின் ஆயுள் குறைகிறது. அதோடு சிலிக்கனில் வேகமாகப் பரவும். இதனால்தான் சிப் தயாரிக்கும் கூடங்களில் டிரான்சிஸ்டர் உருவாகும் பகுதிக்குள் தங்கத்தை அனுமதிப்பதில்லை. ஒரு கருவியில் பட்டால் அதன் பிறகு அதில் போகும் வேஃபர்களுக்கெல்லாம் தொற்றும்.

மாற்று அலுமினியம். சிலிக்கனுக்குள் அது துளைகளைத் தரும் சாதாரண ஏற்பி மாசு, நடுமட்டத் தொல்லை இல்லை. 2006-இல் கோசலே குழுவினர் 430 முதல் 490 டிகிரிக்குள், அதாவது 577 என்ற யூடெக்டிக்குக் கீழே, திட அலுமினியத் துகளால் சிலிக்கன் கம்பி வளர்த்தார்கள். தொல்லை என்னவென்றால் அலுமினியம் காற்றைக் கண்டதும் ஆக்சைடு போர்த்திக்கொள்ளும். துகளைப் படியவைத்ததிலிருந்து வளர்ச்சி முடியும்வரை வெற்றிடத்தை உடைக்கவே கூடாது. வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பது என்ற பழக்கமெல்லாம் இங்கே செல்லாது.

திட வினையூக்கிக்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு, அது எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான விஷயங்களில் ஒன்று. ஒரே கம்பியில் சிலிக்கன், அப்புறம் ஜெர்மேனியம், மறுபடி சிலிக்கன் என்று அடுக்க நினைத்தால் திரவத் துளி காலை வாருகிறது. வாயுவை மாற்றிய பின்னும் துளிக்குள் கரைந்திருக்கும் பழைய சிலிக்கன் தீரும்வரை வெளியே வந்துகொண்டே இருக்கும். எல்லை மங்குகிறது, மங்கும் நீளம் கம்பியின் விட்டத்தோடு ஒப்பிடும் அளவுக்கு இருக்கும். துளி பெரிதென்றால் மங்கலும் பெரிது. திடத் துகளில் கரைதிறன் மிகக் குறைவு, சேமிப்பே இல்லை. 2009-இல் அலுமினியம்-தங்கம் கலவைத் திடத் துகளை வைத்து, சிலிக்கனுக்கும் ஜெர்மேனியத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அணு அடுக்குக் கணக்கில் கூர்மையான எல்லையைக் காட்டினார்கள். விலை, மெதுவான வளர்ச்சி.

ஜூன் 3 அன்று துளியின் கன அளவைப் பற்றி எழுதியதை இங்கே மறுபடி நினைவில் வையுங்கள். அங்கே அது விட்டத்தைத் தீர்மானித்தது, இங்கே எல்லையின் கூர்மையை.

ஜூன் 12

வாயுவும் உலையும் வேண்டாம், குடுவையில் செய்ய முடியாதா என்று கேட்டவருக்கு: முடியும், வேதியியல்காரர்கள் இதில் வாயுக்காரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. 1995-இல் புரோ குழுவினர் இண்டியம் பாஸ்பைடு, இண்டியம் ஆர்சனைடு, கேலியம் ஆர்சனைடு இழைகளை 203 டிகிரியைத் தாண்டாமல் கரைசலிலேயே வளர்த்தார்கள். வேலை செய்தது தங்கம் இல்லை, குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகத் துளி. பிறகு பிஸ்மத் வந்தது. 271 டிகிரியில் உருகுவது, பல குறைக்கடத்திகளை ஓரளவு கரைப்பது, அவற்றோடு கெட்டியான சேர்மம் ஆக விரும்பாதது என்று எல்லாம் பொருந்திய உலோகம். 2000-இல் கோர்கெல் குழுவினர் 2.5 நானோமீட்டர் தங்கப் படிகங்களை மாறுநிலை கடந்த (திரவம், வாயு என்ற பிரிவு இல்லாத) ஹெக்ஸேனில் 500 டிகிரி, 270 பார் அழுத்தத்தில் மிதக்கவிட்டு 4, 5 நானோமீட்டர் சிலிக்கன் கம்பிகள் எடுத்தார்கள். ஜூன் 7 அன்று சொன்ன சிறுதுளித் தடையை அங்கே அதிகச் செறிவு தாண்டிவிடுகிறது.

காட்மியம் செலினைடு கம்பியை பிஸ்மத்தால் வளர்ப்பதைப் பார்க்காதவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நிறமில்லாத சூடான கரைசல். ஊசியால் செலினியமும் பிஸ்மத்தும் கலந்த திரவத்தை ஒரே அழுத்தில் உள்ளே விட்டதும், சில நொடிகளில் மஞ்சள் தட்டாமலே அடர் பழுப்பாகிறது. காந்தக் கலக்கி சுழலும் இடத்தில் பட்டுப்போல் கோடுகள் ஓடும், நீளமான துகள்கள் ஓட்டத்தின் திசையில் படுத்துக்கொள்வதால். அந்தப் பட்டு மினுக்கம் தெரிந்தால் கம்பி வந்துவிட்டது, நுண்ணோக்கிக்கு முன்பே தெரியும். உருண்டைத் துகள்கள் மட்டும் வந்திருந்தால் அந்த மினுக்கம் இருக்காது.

இந்த வழியின் தலைவலி கரைப்பானில் இருக்கிறது. ட்ரைஆக்டைல் பாஸ்பீன் ஆக்சைடு என்று ஒரே பெயர் ஒட்டிய இரண்டு புட்டிகள் எங்களுக்கு வந்தன, தயாரித்த தொகுதி மட்டும் வேறு. ஒன்றில் நேரான கம்பிகள், மற்றொன்றில் முளைவிட்டு நின்றுபோன குச்சிகள். காரணம், அதில் கலந்திருக்கும் பாஸ்பானிக், பாஸ்பினிக் அமில மாசுகள். அவை காட்மியத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, துளிக்குப் போகும் வரத்தைக் கட்டுப்படுத்துகின்றன. இதை முறையாக ஆராய்ந்து எழுதியதும் புரோ குழுதான். அதன்பின் நாங்கள் கரைப்பானை மறுபடிகமாக்கித் தூய்மை செய்து, வேண்டிய பாஸ்பானிக் அமிலத்தை அளந்து நாமே சேர்ப்பதையே வழக்கமாக்கினோம். குப்பியின் மேல் 99 சதவீதம் என்று எழுதியிருக்கும், மீதி 1 சதவீதம் என்ன என்பதில்தான் இந்த வேதியியல் இருக்கிறது.

ஜூன் 13

கேலியம் ஆர்சனைடு பற்றி இரண்டு பேர் கேட்டதால் சேர்க்கிறேன். கட்டியாக இருக்கும்போது அது சிங்க் பிளெண்ட் என்ற படிக அமைப்பில் மட்டும் இருக்கும். கம்பியாக வளரும்போது, அணு அடுக்குகளின் வரிசை வேறான உர்ட்சைட் அமைப்பும் வருகிறது, பல நேரம் இரண்டும் மாறி மாறி. 2007-இல் கிளாஸ், ஆர்மான், பாட்ரியார்ஷ் மூவரும் விளக்கம் சொன்னார்கள்: ஒவ்வோர் அணு அடுக்கும் துளியின் நடுவில் தொடங்காமல், வாயு, திரவம், திடம் மூன்றும் சந்திக்கும் ஓரக் கோட்டில் தொடங்கினால், உர்ட்சைட் கருவுக்கு ஆற்றல் மலிவாகிறது. 2016-இல் யாகோப்சன் குழுவினர் இதை நுண்ணோக்கிக்குள் வளர்த்தே காட்டினார்கள். ஆர்சனிக் தரும் வாயுவான ஆர்சினின் வரத்தை மாற்றினால் துளி பெருக்கவோ இளைக்கவோ செய்கிறது, துளி கம்பியின் தலையைத் தொடும் தொடுகோணம் மாறுகிறது. நடுத்தரக் கோணத்தில் உர்ட்சைட், அதைவிடப் பெரிய கோணத்தில் சிங்க் பிளெண்ட்.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லியே ஆக வேண்டும். துளியின் சாய்வை மாற்றி அணுக்களின் அடுக்கு வரிசையையே மாற்ற முடிகிறது. வாயுக் குழாயின் திருகைச் சற்றுத் திருப்பினால் ஒரே பொருளில், ஒரே கம்பியில், வேறு ஆற்றல் இடைவெளி கொண்ட ஒரு துண்டைச் செருகலாம். மற்ற எந்த முறையிலும் இவ்வளவு நேரான கட்டுப்பாட்டை நான் பார்த்ததில்லை. கூழ்மத்தின் அளவு வழக்கு இதில் எங்கேயோ பின்னால் நிற்கிறது.

ஜூன் 14, காலை

லைசின் கேள்வி கேட்டவருக்கு மறுபடி: ஆம், பிளாஸ்மாவுக்குப் பிறகு அமிலத்தில் தோய்த்தால் துகள்கள் நகர வாய்ப்புண்டு. தோய்ப்பை நொடிகளில் முடித்து, உடனே உலைக்குள் ஏற்றுங்கள்.

ஜூன் 14, இரவு

கேள்வி கேட்டவரின் புது முடிவு: 450 டிகிரி, ஹைட்ரஜன், குளிரும்வரை சிலேன். தொப்பி 19 முதல் 22, சுவரில் பொடி இல்லை. வெற்று ஓட்டத்தில் மட்டும் சில 35-கள் இருந்தன என்கிறீர்கள். அப்படியானால் அவை வேஃபரிலேயே சேர்ந்தவை. கூழ்மத்தை நீர்க்கவைத்து இடைவெளியைக் கூட்டுங்கள். லைசின் நின்ற நேரத்தைவிடக் கூழ்மம் நின்ற நேரத்தைக் குறைப்பதே பலன் தரும்.

போரானைக் கலக்க டைபோரேன் வாயு சேர்த்தபோது கூம்பு திரும்பி வந்தது என்கிறீர்களே, அது எதிர்பார்த்ததுதான். போரான் பக்கச்சுவரில் சிலேன் சிதைவைத் தூண்டுகிறது, 450-இலும்கூட. இன்னும் இறக்கிப் பாருங்கள், அல்லது சிறிது ஹைட்ரஜன் குளோரைடு. பாஸ்பரஸைக் கலக்கும் பாஸ்பீன் வாயுவில் இந்தத் தொல்லை இவ்வளவு இருக்காது. டைபோரேன் ஓட்டத்துக்குப் பிறகு உலைக்குழாயின் சுவரில் போரான் தங்கிவிடும். அடுத்த ஓட்டத்தைத் தூய சிலிக்கன் என்று நம்பி அளக்காமல், நடுவில் ஒரு ஓட்டம் வேஃபர் இல்லாமல் விட்டுச் சுவரைப் பூசிவிடுங்கள்.

அடுத்த படங்களில் நுனி, நடு, அடி மூன்றும் ஒரே உருப்பெருக்கத்தில் இருக்கட்டும், அளவுகோல் கட்டாயம் தெரிய வேண்டும். டைபோரேன் விகிதத்தையும் எழுதுங்கள், அது இல்லாமல் மேலே எதுவும் சொல்ல முடியாது.